இருபத்திரண்டு ஆரின் சங்கிலி

1980களில் வந்த டொயோட்டா பிக்கப்களின் 22ஆர் எஞ்சின், 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். லட்சக்கணக்கான மைல் ஓடியும் அசராத இரும்பு அது. ஆனால் அதன் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் மட்டும் முதுமையைத் தாங்குவதில்லை. முதலில் வந்த இரட்டை வரிசைச் செயினைப் பின்னர் ஒற்றை வரிசையாக்கி, கைடுகளையும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எனக்கு அந்த மாற்றம் இன்றும் உறுத்தல்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஆயில் அழுத்தம் ஏறி டென்ஷனர் இறுகும்வரை முன்பக்கம் கடகடக்கும். கைடு உடைந்துவிட்டால், தளர்ந்த செயின் அலுமினியக் கவரை உராய்ந்து உராய்ந்து துளைத்துவிடும். கூலண்ட் உள்ளே இறங்கி, ஆயில் பால் கலந்த காபி நிறமாகும். அதற்குமுன் கழற்றிவிட வேண்டும்.

ரேடியேட்டர், மின்விசிறி, கிராங்க் புல்லி என்று வரிசையாக இறங்கும். கவர் மட்டும் அசையாது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பல்சக்கரத்துக்குக் கீழே, தேங்கிய ஆயிலுக்குள் ஒரு போல்ட் மறைந்திருக்கிறது. தெரியாதவர்கள் நெம்புகோல் போட்டுக் கவரையே உடைத்துவிடுவார்கள்.

பிறகு வருவதுதான் இந்த வேலையின் அழகு. புதுச்செயினின் பளிச்சிடும் கண்ணிகள் கிராங்க், கேம் சக்கரங்களின் குறிகளோடு பொருந்த வேண்டும். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை. ஒரு பல் தவறினாலும் வால்வுகள் திறக்கும் நேரம் பிசகும். கைடுகளுக்கு எஃகு முதுகுள்ளவற்றையே போடுவேன். மூடுமுன் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றி, தடை ஏதும் இல்லாமல் சக்கரக் குறிகள் பழைய இடத்துக்கே திரும்புகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.