‘உடைய’: உறவும் உடைமையும்

‘மை ஃபாதர்’ என்றால் ‘என்னுடைய தந்தை’. ‘மை பென்’ என்றால் ‘என்னுடைய பேனா’. ஆங்கிலத்தின் உடைமைச் சொற்களை நம் பள்ளிகள் இப்படித்தான் ஒப்பிக்க வைக்கின்றன. எங்க ஊர் ஜெயமங்கலத்தில் எந்தப் பிள்ளையும் வீட்டில் ‘என்னுடைய தந்தை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, ‘எங்க அப்பா’தான். தகப்பனையும் பேனாவையும் ஒரே ‘உடைய’வில் கட்டிப்போடுவதை மொழிபெயர்ப்பு வசதி என்று விட்டுவிட முடியவில்லை. உறவை உடைமையாக வாசிக்கப் பழக்கும் அதிகாரம் அதற்குள் வேலை செய்கிறது.

ஆங்கிலத்தில் மகனுக்கும் கைக்கும் வீட்டுக்கும் உடைமைக் குறி ஒன்றுதான். நம் இலக்கணம் இந்த இடத்தில் தயங்கியது. சாத்தனது கை தற்கிழமை, அவனை விட்டுப் பிரியாதது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, பிரியக்கூடியது. உயர்திணையை உரிமையாகச் சொல்லும்போது ‘அது’ உருபு கெட்டுக் ‘கு’ வரவேண்டும் என்கிறது தொல்காப்பியம். ‘நம்பியது மகன்’ அல்ல, ‘நம்பிக்கு மகன்’. மனிதரை ‘அது’வின் கீழ் வைக்க இலக்கணம் கூசியிருக்கிறது. அடியோர், வினைவலர் என்று மனிதரைத் தரம் பிரித்த நூலும் அதுதான் என்பதை மறக்க வேண்டியதில்லை. உருபின் கூச்சம் யாரையும் விடுவிக்கவில்லை.

அந்தத் தயக்கம் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘எனக்கு ரெண்டு பிள்ளைக’, ‘எங்கிட்ட ரெண்டு மம்பட்டி இருக்கு’. மாத்திச் சொன்னால் பொருளே மாறிப்போகும். நிலத்துக்கு எது? ‘எனக்கு ஒரு ஏக்கர் இருக்கு’ என்கிறார் சம்சாரி. இலக்கணம் பிறிதின்கிழமை என்ற நிலம், அவர் வாயில் பிள்ளைக்குரிய உருபை ஏற்கிறது. ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கத்திலும் ‘கு’தான்.

இன்னொரு சிக்கல் தன்மைப் பன்மை. கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்பதை ஆங்கிலச் சொல் காட்டாது. தமிழில் ‘நம்ம’ என்றால் உள்ளே, ‘எங்க’ என்றால் வெளியே. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்த இரட்டைப் பன்மையைப் பேசியிருக்கிறார். ஆனால் விஷயம் இலக்கணத்தோடு முடிவதில்லை. ஊர் வேறு காலனி வேறு என்றிருக்கும் எந்த இடத்திலும், ‘நம்ம கோயில்’ யார் முன்னால் ‘எங்க கோயில்’ ஆகிறது என்று காதுகொடுத்துக் கேளுங்கள். சாதி அங்கே ஒரு பெயர்ச்சொல்லைக்கூடத் தொடாமல் தன் எல்லையைப் போட்டுவிடும்.

கறுப்பின எழுத்தையும் பழங்குடி எழுத்தையும் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் நண்பர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. ‘நம் நிலம்’, ‘எங்கள் நிலம்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அந்த ஒற்றைச் சொல் உதவிக்கு வராது. எழுதியவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், அந்த வரிக்கு முன்னால் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதமுடியாது. நிலத்தைப் பறித்தவனைப் பார்த்துச் சொல்லும் வரியில் ‘நம்’ என்று போட்டால், அவன் பெயரிலும் பட்டா எழுதிக் கொடுத்ததாகிவிடும்.