எதிராளியின் பழக்கமே துருப்புச்சீட்டு

போக்கரில் கில்லாடி என்றால், கையில் ஒன்றுமே இல்லாமல் பிளஃப் அடித்து எதிராளியை மிரட்டுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சினிமா செய்த வேலை அது. மேசை அருகே நின்று பார்த்தால் ஆட்டத்தின் அழகு வேறிடத்தில் இருக்கிறது. எதிரே இருப்பவர் எந்தத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார் என்று கண்டுகொள்ள வேண்டும். பிறகு, குறுக்கே நிற்காமல் அதை அவர் செய்ய விட வேண்டும்.

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து பொதுச்சீட்டுகள், அவற்றில் முதல் மூன்று ஒன்றாகத் திறக்கப்படும். கையில் ஜோடி இல்லாதவருக்கு அந்த மூன்றால் ஏதாவது ஜோடி சேர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. சேராவிட்டால் உடனே சீட்டைக் கவிழ்த்துவிடும் பயந்த ஆசாமி எதிரே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 1,000 டாலர் கிடக்கிறது. 500 கட்டினால் போதும். இரண்டு முறை அவர் ஒதுங்குவார், 2,000 வரும். ஒரு முறை நிற்பார், 500 போகும். மூன்று ஆட்டத்தில் 1,500 லாபம், அதுவும் தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல்!

அதே 500-ஐ, என்ன கட்டினாலும் 'கால்' சொல்லி ஈடாகப் பணம் போடும் ஆளிடம் வெறுங்கையோடு கட்டினால் தண்டம்தான். அவரிடம் பிளஃப் அடிப்பதை அறவே விட்டுவிட்டு, சுமாரான ஜோடி இருந்தாலும் தைரியமாகப் பணம் கட்ட வேண்டும். கடைசிச் சீட்டுக்குப் பிறகு, அவர் நின்று பார்க்கும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஜெயித்தாலே லாபம். சலிப்பூட்டும் ஆட்டம்தான். கெட்டிக்காரர்கள் பலர் தோற்பதும் இங்கேதான்: மடங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவரிடம் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டப் போகிறார்கள்.

இந்தக் கலையின் உச்சம் என்று ரசிகர்கள் காட்டுவது 1988 போக்கர் உலகத் தொடரின் இறுதி ஆட்டம். இடம் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜானி சான் ஒரு பக்கம். நியூயார்க்கிலிருந்து வந்த 28 வயது எரிக் சைடல் மறுபக்கம். சானிடம் ஜாக், ஒன்பது. சைடலிடம் குயின், ஏழு. முதல் மூன்று பொதுச்சீட்டுகள் குயின், பத்து, எட்டு. அந்த நொடியே சானுக்கு எட்டிலிருந்து குயின் வரை முழு சீக்வென்ஸ். அதை வெல்ல அப்போது எந்தக் கையாலும் முடியாது. சைடலுக்கோ குயின் ஜோடி. இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் அது கண்ணை மறைக்கிற அளவுக்கு நல்ல கை.

சைடல் பந்தயத்தை உயர்த்தினார். சான் பதிலுக்கு உயர்த்தவில்லை, 'கால்' மட்டும் சொன்னார். நான்காவது சீட்டு இரண்டு, யாருக்கும் பிரயோசனமில்லை. அப்போது சைடல் 'செக்' சொல்ல, சானும் பணம் கட்டாமல் 'செக்' என்று விட்டுவிட்டார். வெல்லவே முடியாத கையை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒரு காசும் கிடைக்காமல் போகும் ஆபத்தை ஏற்பது சாதாரண நெஞ்சுக்கு ஆகிற காரியமல்ல. எதிராளியிடம் பலவீனத்தைக் கண்டால் சைடல் பாய்வார் என்று சான் கணித்திருக்க வேண்டும். கடைசிச் சீட்டு ஆறு. சைடல் தன்னிடமிருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். சானுக்கு இரண்டாவது தொடர் பட்டம், 7 லட்சம் டாலர். பத்து வருடம் கழித்து 'ரவுண்டர்ஸ்' படம் இந்தக் காட்சியை அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

ஸ்டூ அங்கர் என்ற ஆட்டக்காரர் இன்னொரு ரகம். 1990-இன் சாம்பியன் மன்சூர் மட்லூபியோடு தனியாக ஆடியபோது, பொதுவில் மூன்று, மறுபடி மூன்று, ஏழு, கிங், குயின். மட்லூபி மொத்தத்தையும் கட்டினார். அங்கரிடம் பத்தும் ஒன்பதும் தவிர எதுவுமில்லை. சீக்வென்ஸுக்குக் காத்திருந்து கிடைக்காதவர் கடைசியில் மிரட்டுகிறார், அவரிடம் இருப்பது நான்கு, ஐந்து மாதிரி சின்னச் சீட்டுகளே என்று அங்கர் ஊகித்து, வெறும் பத்தை நம்பி 'கால்' சொன்னார். மட்லூபியிடம் இருந்தவை நான்கும் ஐந்தும்.

இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பயந்தவரிடம் எந்நேரமும் பணம் கட்டுபவரின் பழக்கமும் வெளியே தெரிந்துவிடும். எதிராளி விழித்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகும். டாயில் பிரன்சன் என்ற ஆட்டக்காரர் 1970களின் இறுதியில் 'சூப்பர் சிஸ்டம்' புத்தகத்தில் தன் முரட்டு ஆட்டத்தை விளக்கமாக எழுதினார். வாசித்தவர்களே பிறகு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் இயந்திரங்கள் வேறு வழியில் போயின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. எதிராளியின் ஓட்டையைத் தேடுவது அதன் வேலையாக இருக்கவில்லை. எதிராளிகள் தன்னிடம் கண்டுபிடித்த ஓட்டைகளை இரவோடு இரவாக அடைத்துக்கொண்டது. யாராலும் சுரண்ட முடியாத ஆட்டம். மரியாதை தரலாம், ரசிக்க அதில் அதிகமில்லை. எதற்கும் 'கால்' சொல்லும் ஆள் எதிரே இருந்தாலும் அப்படிப்பட்ட ஆட்டம் தன் பங்கு பிளஃபை அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேசையில் அதைவிட அதிகம் சம்பாதிப்பவர், எதிரே இருப்பவரை ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.