ஏற்றமும் இறக்கமும் மட்டுமா?

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துத் தாளில் முதல் கேள்வியாகப் பெரும்பாலும் ஒரு வரைபடம் வரும். 20 நிமிடத்தில், 150 சொற்களுக்குக் குறையாமல், அந்தக் கோடு போன போக்கை எழுதிக் காட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போயிருந்தேன். ‘இன்க்ரீஸ்’, ‘டிக்ரீஸ்’, மறுபடி ‘இன்க்ரீஸ்’. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த அலுப்பில் அகராதியைப் புரட்டப் போனவன்தான், இன்னும் மூடவில்லை.

முதலில் மனசைப் பிடித்தது ‘ட்விண்டில்’. குறைவதுதான் பொருள், ஆனால் ஒரேயடியாக அல்ல. அதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘இல்’ ஓசையைக் கேளுங்கள். ஒரு செயல் சின்னச் சின்னதாய்த் திரும்பத் திரும்ப நடந்தால் ஆங்கிலத்தில் இந்த வால் முளைக்கும். நட்சத்திரம் மினுக் மினுக்கென்றால் ‘ட்விங்க்கில்’, விறகு படபடவென்று வெடித்தால் ‘க்ராக்கில்’. மெலிந்து வாடுவதற்கு ‘ட்வைன்’ என்று ஒரு பழஞ்சொல் இருந்தது. அதற்கு இந்த வாலை ஒட்டியதும் வாட்டம் தவணை முறையில் நடக்கத் தொடங்கிவிட்டது! நாம் ‘தேய்ந்து தேய்ந்து’ என்று இரட்டிப்பதை அவர்கள் ஓர் ஓசையில் முடித்துவிடுகிறார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்கு அகப்படவில்லை.

‘டேப்பர்’ வேறு ரகம். பெயர்ச்சொல்லாக அது மெல்லிய மெழுகுவத்தி. நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் அந்த உருவம்தான் வினையாகிவிட்டது. துணிக்கடையில் ‘டேப்பர் ஃபிட்’ கேட்கும் பையனும், ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் ‘டேப்பர்’ பண்ணச் சொல்லும் டாக்டரும் அறியாமல் ஏந்துவது அதே மெழுகுவத்தியைத்தான். 2013 மே மாதம் இதே சொல் உலகச் சந்தைகளை ஆட்டிவைத்தது. அமெரிக்க மத்திய வங்கி அப்போது மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கக்கூடும் என்று தலைவர் பென் பெர்னான்கி கோடி காட்டியதும் கலவரம். வேறு காரணங்களும் சேர, ஆகஸ்டில் நம் ரூபாய் டாலருக்கு 68-ஐத் தாண்டிச் சரிந்தது. சந்தையின் அந்த அடத்துக்கு ‘டேப்பர் டான்ட்ரம்’ என்று பெயர் விழுந்தது. டிசம்பரில் வந்த அறிவிப்போ, 8,500 கோடியை 7,500 கோடியாக்குவது மட்டுமே. விளக்கை ஊதி அணைக்கவில்லை, ஒடுக்கினார்கள். சொல்லின் வடிவத்தைச் சற்று உற்றுப் பார்த்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க வேண்டாமோ என்னவோ.

நம் வீடுகளில் சரளமாகப் புழங்கும் சொல் ‘ஃப்ளக்சுவேஷன்’. ஸ்டெபிலைசர் டக் டக்கென்றால் பாட்டிகூடச் சொல்வார். லத்தீனில் ‘ஃப்ளுக்துஸ்’ என்றால் அலை. பாரிஸ் நகரச் சின்னத்தில் ஒரு கப்பல் உண்டு. அலைக்கழிந்தாலும் அமிழாது என்ற பொருளில் அதன் கீழுள்ள லத்தீன் வாசகம் இந்த வேரில்தான் தொடங்குகிறது. ஆகவே தாறுமாறாய் ஏறி இறங்கினால்தான் இந்தச் சொல்லுக்கு அழகு. டேபிள் ஃபேன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒழுங்காய்த் திரும்பினால் அது ‘ஆசிலேஷன்’. அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஊஞ்சல்.

‘ஸ்பைக்’ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அது ஆணி. தக்காளி விலை ஒரு வாரம் விர்ரென்று ஏறி, மறுவாரமே இறங்கினால் வரைபடத்தில் ஆணி தெரியும். ஏறிய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் அது ‘பிளாட்டோ’, மேட்டுநிலம். செய்தி எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் ஆணியையே அடிக்கிறார்கள்.

நிலவுக்கு மட்டும் தமிழ்தான் ஒரு படி மேல். அது தேய்வதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘வேன்’ என்பது வெறும் குறைதல். நம் பிறையோ கல்லில் சந்தனக் கட்டை தேய்வதுபோலத் தேய்கிறது. ‘வேன்’ சொல்லின் ஜோடியான ‘வாக்ஸ்’ ஒரு காலத்தில் வளர்கிற எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். இன்று பிள்ளைகளுக்கு அந்த எழுத்துகள் மெழுகை மட்டுமே நினைவூட்டும். ஒரு பெண் மட்டும், எங்கே பிடித்தாளோ, கார் விற்பனை ‘வாக்ஸ்’ ஆனதாக எழுதியிருந்தாள். தேர்வில் இது எடுபடாதே என்று சிவப்பு மையால் சுழித்தேன். மனசு கேட்காமல், பக்கத்தில் சின்னதாய் ஒரு பிறை வரைந்து கொடுத்தேன்.