சிட்டுக்குருவியை அளவுகோலாகக் கொண்டவர்: சாலிம் அலியின் தன்வரலாற்றை முன்வைத்து

இந்திய அறிவுத்துறைகளில் முஸ்லிம்களின் பங்களிப்பைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகளிலும் மேடைகளிலும் டாக்டர் சாலிம் அலியின் பெயர் தவறாது இடம்பெறுகிறது. 'இந்தியாவின் பறவை மனிதர்' என்ற அடைமொழியோடு 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனச் சிறப்புகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. பட்டியல் அத்துடன் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகிறது. அவர் எழுதியவற்றுள் ஒரு நூலையேனும் படித்துப் பார்த்து, அதனோடு உடன்பட்டும் முரண்பட்டும் பேசும் வழக்கம் நம்மிடையே உருவாகவில்லை. ஒருவரைக் குறித்துப் பெருமை கொள்வது வேறு, அவரைப் பயில்வது வேறு. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு அவருடைய தன்வரலாறான 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்னும் நூலை இங்கு மதிப்பிட முற்படுகிறோம்.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, ஏறக்குறைய தொண்ணூறு வயதை எட்டிய நிலையில் 1985இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரண்டாண்டுகளில், 1987இல், அவர் காலமானார். அதுவரை பறவையியல் அறிஞர்களுக்கும் பறவை நோக்கும் ஆர்வலர்களுக்கும் எழுதி வந்தவர், இந்நூலில்தான் தம்மையே ஆய்வுப் பொருளாக்கிப் பொதுவாசகர்முன் வைத்தார்.

ஹலால் குறித்த ஒரு வினா

நூலின் பெயருக்குக் காரணமான நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. இளம்பருவத்திலேயே பெற்றோரை இழந்த சாலிம், தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் பேண வளர்ந்தார். கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவ்வீட்டுச் சிறுவர்களின் பொழுதுபோக்கு. ஒருநாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில், குழம்புக் கறை பட்டதுபோல் ஒரு மஞ்சள் திட்டு காணப்பட்டது. வழக்கமான சிட்டுகளிலிருந்து வேறுபட்ட இப்பறவை நல்ல முஸ்லிம் உண்ணத்தக்கதுதானா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டு சென்றான். அவருக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதத்துடன் சிறுவனை அனுப்பி வைத்தார். மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டார். கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளையும் பேழை பேழையாகத் திறந்து காட்டினார்.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் பெரும்பாலும் மஞ்சள் திட்டையும் மில்லார்டின் பரிவையுமே சிறப்பிக்கின்றனர். இடையில் நின்ற வினா கவனிக்கப்படுவதில்லை. அது மார்க்கச் சட்டத்தைச் சார்ந்த வினாவாகும். உண்ணலாமா என்று கேட்பதற்குமுன் இது எது என்று அறிந்தாக வேண்டும். பொருளின் தன்மை தெரியாமல் அதன் சட்டம் தெரியாது என்பது நம் ஃபிக்ஹு நூலோர் நன்குணர்ந்த உண்மை. ஆகவே ஹலால் பற்றிய ஐயமே ஒரு சிறுவனைப் பறவையியலின் வாயிலுக்குக் கொண்டு சேர்த்தது எனலாம். மார்க்க உணர்வும் அறிவியல் ஆர்வமும் ஒன்றையொன்று தடுப்பன என்று எண்ணுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசித்தல் நன்று.

துப்பாக்கியிலிருந்து கவனிப்புக்கு

சாலிம் அலி தம் இளமையை மெருகிட்டுக் காட்டவில்லை. 1906-07ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு குறிப்பை அவர் நூலில் அப்படியே தருகிறார். குதிரை லாயச் சுவரின் பொந்து ஒன்றில் பெண்குருவி முட்டைகள்மேல் அமர்ந்திருக்க, ஆண்குருவி வெளியே காவல் காத்தது. சிறுவன் ஆணைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் அவ்விடத்துக்கு வந்தது. அதனையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. கொலையின் கணக்கும் உயிரியல் நோக்கும் ஒரே குறிப்பில் இணைந்து கிடக்கின்றன.

இக்குறிப்புடன் சேர்த்து வாசிக்க வேண்டியது 1930ஆம் ஆண்டுப் பகுதி. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் வகித்து வந்த வழிகாட்டி விரிவுரையாளர் பணி நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற நிலையில் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறிய அவர், அங்குக் கூடமைத்த தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதிவரை கட்டுகிறது. பெண்குருவிகள் வந்து அதனைச் சோதிக்கின்றன. ஒன்று ஏற்றுக்கொண்டபின் ஆண் அக்கூட்டை நிறைவு செய்து, அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் நாடிச் செல்கிறது. இவ்விளக்கம் பறவையியலில் அவருக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது. சிறுவயதில் ஆண்குருவியை வீழ்த்திவிட்டு அடுத்து என்ன நிகழ்கிறது என்று பார்த்தவர், முப்பத்துமூன்று வயதில் ஏதும் செய்யாமல் காத்திருந்து கண்டறிந்தார். நூலின் உண்மையான வளர்ச்சிக் கோடு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் அவர் துப்பாக்கியை முற்றத் துறந்தவர் அல்லர். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பது இன்றியமையாதது என்பதே அவர் நிலைப்பாடு. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டு மறுமையில் இறைவனிடம் முறையிடும் எனும் கருத்தமைந்த நபிமொழி நஸாயீயின் தொகுப்பில் உள்ளது. பயனுக்காகக் கொல்வதற்கும் வீணுக்காகக் கொல்வதற்கும் அது இடும் வரம்பினுள் எட்டுக் குருவிகளின் கதையை எங்கு வைப்பது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். மறைத்துவிடக்கூடிய ஒன்றை மறைக்காமல் அச்சிட்டமை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று.

வாசகர்பால் கொண்ட மதிப்பு

எழுத்தாளர் என்ற வகையில் சாலிம் அலியின் சிறப்பு எதில் உள்ளது? 1941இல் வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலை இங்கு நினைவுகூர வேண்டும். அதற்குமுன் இருந்த பெருந்தொகுதிகள் துறையறிஞர்க்கும் செல்வர்க்குமே எட்டின. சாலிம் அலி வேறொரு முறையைக் கையாண்டார். ஒரு பறவையின் பருமனை முதலில் சொல்லும்போது, எவரும் அறிந்த சிட்டுக்குருவி, புல்புல், மைனா, காகம், பருந்து ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அதைவிடப் பெரியது அல்லது சிறியது என்றார். வாசகனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரின் முறை இது. வீழ்ந்த சிட்டு அவருக்கு வாயிலாயிற்று. வாழும் சிட்டு அவர் வாசகர்க்கு அளவுகோலாயிற்று. எஸ். டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலிலும் இத்தெளிவு குன்றவில்லை.

தன்வரலாற்றிலும் அதே நடை காணப்படுகிறது. அடக்கமான நகைச்சுவை, தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் இயல்பு, மிகையின்மை ஆகியவை அதன் குணங்கள். 1950இல் ஸ்வீடனின் உப்சாலா மாநாட்டுக்குத் தம் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலேற்றிச் சென்ற கதை ஓர் எடுத்துக்காட்டு. அவருடைய ஆங்கில நடை செம்மையுற்றதில், இங்கிலாந்தில் கல்வி கற்ற துணைவியார் தெஹ்மினாவுக்குப் பங்குண்டு. காட்டு முகாம்களிலும் உடனிருந்த அவ்வம்மையார் 1939இல் ஓர் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து மறைந்தார்.

1937இல் தம்முடன் ஆப்கானிஸ்தான் பயணம் மேற்கொண்ட ஆங்கிலேயப் பறவையியலாளர் மைனர்ட்ஸ்ஹாகன், தம் நாட்குறிப்பில் சாலிம் அலியைச் சிறுமைப்படுத்தி எழுதியிருந்தார். அவ்வரிகளைத் தேடியெடுத்துத் தம் நூலிலேயே சாலிம் அலி பதித்தார். மறுப்புரையோ கடுஞ்சொல்லோ இன்றி, வாசகர் தீர்ப்புக்கே விட்டுவிட்டார். மைனர்ட்ஸ்ஹாகன் அருங்காட்சியகங்களிலிருந்து பறவை மாதிரிகளைக் களவாடி, பொய்ச்சீட்டு எழுதி ஒட்டியவர் என்பது 1990களில் அறிஞர்களால் நிறுவப்பட்டது. அதனை அறிந்துகொண்டு இன்று வாசிக்கும் நமக்கு அந்த மௌனத்தின் மேன்மை கூடுதலாகவே புலப்படுகிறது.

உடன்பட இயலாத இடங்கள்

நம்மவர் கண்டும் காணாமற் கடந்து செல்லும் பகுதி ஒன்று இந்நூலில் உண்டு. பொருளறியாது குர்ஆனை ஓதக் கற்பிக்கப்பட்டதையும், பக்தியைப் பிறர் காணக் காட்சிப்படுத்திய முதியோர்பால் தமக்கு உண்டான கசப்பையும், வழிபாட்டுச் சடங்குகளிலிருந்து தாம் மனத்தால் விலகியதையும் சாலிம் அலி ஒளிக்கவில்லை. முஸ்லிம் சாதனையாளர் பட்டியலில் அவரை வைக்கும் நாம் இதற்கு என்ன மறுமொழி கூறப்போகிறோம்?

திறனாய்வு நோக்கில் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு ஒரு பறவையினத்தின் இயல்பை வரையறுக்க ஒருப்படாத அறிஞர், தம் வீட்டுச் சூழலிற் கண்ட சில முதியோரைக் கொண்டு ஒரு வழிபாட்டு மரபை அளந்தது, அவருடைய முறையியலுக்கே பொருந்துவதன்று. அம்மரபின் வேறு மாதிரிகளும் அவர் அறியாதவை அல்ல. 1927-28இல் முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆய்வாளர்களாக வைத்துக் கழகத்தின் இதழில் அவரே தொடர் கட்டுரைகள் எழுதினார். சலீம் என்னும் இயற்பெயருடைய ஜஹாங்கீர், லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்குகளின் கூடலையும் அடைகாத்தலையும் நுணுகி நோக்கிப் பதிவு செய்தவர். ஜாஹிழின் 'கிதாபுல் ஹயவான்' முதல் தமீரீயின் 'ஹயாத்துல் ஹயவான்' வரை விரிந்த ஓர் அறிவு மரபு நமக்குண்டு.

எனினும் குற்றச்சாட்டின் மறுபாதி நம்மை நோக்கியே திரும்புகிறது. நிலத்தில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் மனிதரைப் போன்றே சமுதாயங்கள் எனக் காணும் பார்வை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் உள்ளது. குர்ஆன் ஓதிய அச்சிறுவனின் நாவில் அவ்வசனமும் தவழ்ந்திருக்கக்கூடும். அதன் பொருள் அவனுக்குத் திறக்கப்படவில்லை. பின்னாளில் அறுபது ஆண்டுகளுக்குமேல் அவர் ஆராய்ந்தது அந்தச் சமுதாயங்களைத்தான். அவ்வாசிப்புக்குரிய ஏட்டை அவர் கையில் தந்தது ஓர் ஆங்கிலேயர் நடத்திய கழகம், நம் மக்தபு அன்று. இந்த இழப்பு அவருடையது மட்டுமன்று.

இன்னொரு வரையறையும் சுட்டத்தக்கது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட பரத்பூர் நீர்நிலை, விடுதலைக்குப்பின் பாசனத்துக்காக வற்றாமல் காக்கப்பட்டதில் சாலிம் அலியின் பங்கு பெரிது. அதே பரத்பூரில் 1982இல், அவரும் ஆதரித்த மேய்ச்சல் தடை நடைமுறைப்படுத்தப்பட்டபோது ஊர்மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. பின்னர் அவர் சார்ந்த கழகத்தின் ஆய்வே, எருமைகள் மேயாமையால் புல் மண்டி நீர்ப்பறப்பின் வாழிடம் குறுகியதைக் காட்டியது. பறவையை நுணுகி நோக்கிய கண், அப்பறவையோடு ஒரே நீரைப் பகிர்ந்துகொண்ட எருமை மேய்ப்பனைப் போதிய அளவு நோக்கவில்லை. சுற்றுச்சூழல் எழுத்தைப் பயில்வோர் இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே மனங்கொள்ள வேண்டும். அவர் புகழுக்கு இது இழுக்காகாது. ஆய்வு தன் முடிவையே திருத்திக்கொள்ளும் என்பதுதான் அவர் வாழ்நாளெல்லாம் பின்பற்றிய நெறி.

நம் மண்ணோடு அவர் பெயருக்கு உள்ள தொடர்பு பலர் அறியாதது. நாகூரிலிருந்து தெற்கே அதே கடற்கரையில் அமைந்த கோடியக்கரையில் அவருடைய கழகத்தினர் வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்ந்து வந்துள்ளனர். கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் அவர் பெயரால் ஒரு பறவையியல் மையம் இயங்குகிறது. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறோர் இனத்தின் பெயர்ச்சீட்டோடு கழகத்தின் பேழையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கிடந்தது. 1972இல் ஓர் ஆய்வாளர் அதனை மீண்டும் எடுத்துப் பார்த்து, புதிய இனம் என நிறுவி, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்.

நாமும் அவரை ஒரு பெயர்ச்சீட்டின்கீழ் நெடுநாள் வைத்திருக்கிறோம். 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' நம் மதரஸா நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் இடம்பெற வேண்டிய நூல். அது நம் பெருமையை வளர்க்கும் என்பதற்காக அன்று, நம்மிடம் சில வினாக்களைக் கேட்கிறது என்பதற்காக. அவ்வினாக்களை எதிர்கொள்ளும் துணிவுடையோர் படித்துப் பயன்பெறுவர்.