மால்வோலியோ எந்த சீசன்?

அக்கா பொண்ணு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். வீடு சேரப்பணஞ்சேரி. சாயங்காலம் மேஜையில் ஷேக்ஸ்பியர், ராத்திரி ஒன்பதரைக்கு பிக் பாஸ். வாலாஜாபாத் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவே இரண்டையும் ஒரே பக்தியோடு செய்வாள். போன மாதம் நான் வாய் கொழுப்பெடுத்து, "ட்வெல்த் நைட் படிக்கிற கையால எப்படிம்மா இந்தக் கண்றாவிக்கு ஓட்டுப் போடுற?" என்று கேட்டுவிட்டேன்.

"மாமா, மால்வோலியோவுக்கு நடந்தது என்ன? அது எந்த சீசன்?" என்றாள்.

அன்று பதில் வரவில்லை. நாடகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். (பி.இ. படித்தவனுக்கு ஷேக்ஸ்பியர் அடிக்குறிப்போடுதான் இறங்கும்.) மால்வோலியோ ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன். கறார் ஆசாமி, தற்பெருமைக்காரன். எஜமானி எழுதியது போல ஒரு பொய்க் கடிதத்தை மரியா அவன் வழியில் போடுகிறாள். அவன் அதை எடுத்துப் படித்து உருகுவதைச் செடி மறைவில் மூன்று பேர் நின்று பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் கமென்ட் அடிக்கிறார்கள். மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு இளித்தபடி வந்து நிற்கிறான். பிறகு பைத்தியம் என்று சொல்லி இருட்டறையில் அடைக்கிறார்கள். டாஸ்க், மறைந்திருந்து பார்ப்பது, ரியாக்ஷன் ஷாட், தனியறை என்று எல்லாமே இருக்கிறது. 1602 பிப்ரவரியில் லண்டன் மிடில் டெம்பிளில் இதைப் பார்த்த மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர் தன் டைரியில் குறித்து வைத்து ரசித்ததும், காதல் ஜோடிகளை அல்ல, இந்தக் காரியஸ்தனை ஏமாற்றிய விளையாட்டைத்தான். நானூறு வருஷமாக ரசிகன் மாறவில்லை.

அவள் ஒப்பீடு சரி. ஆனால் பாதி சரி என்பது என் கட்சி. பிக் பாஸில் இருபத்து நாலு மணி நேரம் ஒரு மணி, ஒன்றரை மணியாகச் சுருங்குகிறது. என் தொழிலில் இவ்வளவு டேட்டா தொலைந்தால் அந்த ரிப்போர்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே அதை வைத்து ஒருவரின் குணத்துக்கே தீர்ப்பு எழுதுகிறோம். மால்வோலியோவாக நடித்தவர் காலுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். பிக் பாஸில் கழற்ற வேஷம் இல்லை. 2017ல், முதல் சீசனில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முகம் தெரிந்து உள்ளே போனவர் ஜூலி. அவர் வெளியே வந்த பிறகும் கேலி நிற்கவில்லை. அந்த மீம்களில் நாலைந்தை ஆபீஸ் குரூப்பில் ஃபார்வர்ட் செய்தவன் நானும்தான். 'கண்றாவி' என்று சொல்ல எனக்கு இருக்கும் யோக்கியதை அவ்வளவே.

இதைச் சொன்னபோது அவள் விடவில்லை. "நடிகர் வீட்டுக்குப் போயிடுவார், சரி. சிரிச்சவங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நம் பக்கத்துக் கூத்து ஞாபகம் வந்தது. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதில் 'பகடை துயில்' ஒரு முழு இரவு. சபை நடுவே ஒரு பெண்ணை இழுத்து வந்து அவமானப்படுத்துவதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. எந்த ரியாலிட்டி ஷோவும் இந்த அளவுக்குத் துணியாது. ஆனால் சேலையில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் பாத்திரத்தை விட்டு வெளியே வருவது கூத்தின் மரபு. கற்பூரம் காட்டி, அம்மனை வேண்டி, தான் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆவார். தெருக்கூத்தை ஆராய்ந்தவர்கள் இதைச் சடங்கு என்ற தலைப்பில் எழுதுகிறார்கள். எனக்கு இது பார்வையாளனுக்கான ஏற்பாடாகவும் படுகிறது. இப்போது நடக்கப்போவது கொடுமை, நீயும் இதில் ஒரு கை என்று கற்பூர வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் காட்டிவிடுகிறார்கள். கட்டியக்காரன் கிண்டலடித்து நம்மைச் சிரிக்க வைத்த பிறகு இது வருவதால் உறைக்கிறது.

ஷேக்ஸ்பியரிடம் இது கடைசியில், அரைகுறையாக இருக்கிறது. மால்வோலியோ பழி வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவனுக்கு இழைத்தது அநியாயம் என்று ஒலிவியா ஒப்புக்கொள்கிறாள். சமாதானம் செய்யச் சொல்கிறான் பிரபு. அவன் திரும்பி வந்தானா என்று தெரியாமலேயே பாட்டோடு நாடகம் முடிகிறது. சிரித்தவனுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் உறுத்தும். பிக் பாஸில் வார இறுதியில் தொகுப்பாளர் வந்து போட்டியாளர்களைத்தான் கேள்வி கேட்கிறார். ஓட்டுப் போட்ட நம்மை யாரும் கேட்பதில்லை, கைதட்டுக்கு நன்றிதான் சொல்கிறார்கள். நிகழ்ச்சி மட்டம் என்று நான் சொல்வது இதனால்தான், அதில் சண்டையும் அழுகையும் இருப்பதால் அல்ல. அழுகைக்கு நம் கூத்தில் என்ன பஞ்சம்?

இவ்வளவையும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றுக்குப் பதில் வந்தது: "கூத்து பாயின்ட் நல்லா இருக்கு மாமா, அசைன்மென்ட்ல போட்டுக்கறேன். இந்த வாரம் எவிக்ஷன் யார்னு நினைக்கிறீங்க?"

ஒரு பேர் டைப் செய்தேன். அழித்தேன். பிறகு அனுப்பிவிட்டேன்.