தோலடிக் குச்சியும் 99 விழுக்காடும்

இன்றுள்ள கருத்தடை முறைகளுள் தோலடிக் குச்சி மிகுந்த திறன் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. 4 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த மெல்லிய குச்சியில் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் உண்டு. மேற்கையின் உட்புறத் தோலடியில் பதித்தால், அது சிறுகச் சிறுகக் கசிந்து, சினைமுட்டை வெளிப்படுவதை 3 ஆண்டுகள் தடுக்கும். 10,000 பெண்களில் ஓராண்டில் கருவுறுவோர் ஏறத்தாழ 5 பேரே. எனவே '99 விழுக்காட்டுக்கும் மேல்' என்று சொல்வதில் பொய்யில்லை. அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வதுதான் குறை.

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாம் நிலையம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய்க்கு 6 மாதம் உண்ணும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் முக்கியமானது. இது கல்லீரலிலுள்ள சில நொதிகளை முடுக்கிவிடும். முடுக்கப்பட்ட நொதிகள் குச்சியிலிருந்து வரும் ஹார்மோனையும் விரைவாகச் சிதைத்துவிடும். குச்சி கையில்தான் இருக்கும், காவல் இராது! எச்.ஐ.வி.க்குத் தரப்படும் எஃபாவிரென்ஸும், சில வலிப்பு மருந்துகளும் இப்படியே. அப்பெண்ணுக்கு காப்பர்-டி, அல்லது அரசு 2017-இல் 'அந்தரா' என்ற பெயரில் கொண்டுவந்த ஊசி பொருந்தும். 99 என்ற எண் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது உதிரப்போக்கு. 11 ஆய்வுகளைச் சேர்த்து, 923 பெண்களின் குறிப்புகளை 90 நாள் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். 22 விழுக்காட்டுக் கூறுகளில் உதிரப்போக்கே இல்லை. ஏறத்தாழ 18 விழுக்காட்டில் அது ஒரே மூச்சில் 14 நாட்களைத் தாண்டியது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவ நூல் இதைச் 'சிறு பக்கவிளைவு' என்னும். பகலெல்லாம் நின்றபடி வேலை செய்யும் தொழிற்சாலைப் பெண்ணும், 'தூரம்' என்றால் பூசையறைப் பக்கமே போகக்கூடாத வீட்டுப் பெண்ணும் அதைச் சிறிது என்பார்களா? முன்கூட்டியே சொன்னால் பலர் பொறுத்துக்கொள்வர். சொல்லாவிட்டால் அச்சமே மிஞ்சும்.

வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். இதற்கு முந்தைய நார்ப்பிளாண்டில் 6 குழாய்கள், எடுப்பது கடினம். வங்கதேசத்தில் 1980-களில் நடந்த சோதனையில், எடுக்கச் சொன்ன பெண்களை அலையவிட்டார்கள் என்று மகளிர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. இன்றைய ஒற்றைக் குச்சி சரியாகப் பதிந்திருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் ஹார்மோனும் உடலைவிட்டு நீங்கும். ஆழமாகப் பதிந்தால் தேர்ந்த கை வேண்டும். ஆகவே பதிக்கும் நாளிலேயே, எடுப்பவர் யார், எந்தக் கிழமை இருப்பார் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.