பிச்சை என்னும் பெயர்

முன் பிறந்த மக்களை இழந்தோர், பின் பிறந்த ஆண்மகவைக் குப்பையிலிட்டெடுத்துப் ‘பிச்சை’ எனப் பெயரிடுதல் தமிழ்நாட்டுப் பழவழக்கு. இழிபெயருடையானைக் கூற்றுவன் விரும்பான் என்பது அவர் கருத்து. இப்பெயரைப் பிச்சாண்டி என்னுந் திருப்பெயரின் குறுக்கமென்பாரும் உளர். எல்லார்க்கும் அது பொருந்தாது. கிறித்தவரும் முகம்மதியரும் பிச்சை என்று பெயரிடுகின்றனரன்றோ? மேலும், பிச்சாண்டி பலியேற்ற பெருமான். பிச்சை ஏற்கப்பட்ட பொருள். ஈண்டு ஏற்போர் பெற்றோர், ஈவோன் இறைவன். ஈந்தது எது? உயிர் அநாதியாகலின் அதனை ஈந்தானென்றல் சித்தாந்தமன்று, தநுகரணங்களையே ஈந்தான். வாழ்நாளும் வினைவழியதாகலின், பெயரால் கூற்றுவனை ஏய்த்தல் கூடாது. எனினும், இரு மகவைப் புதைத்த தாயை இதுபற்றி நகைத்தல் ஆகாது. அவள் கையேந்தியதும் அவன்பாலேயாம்.